பாக்குரலும் கட்டுப்பல்லும்

யாழ்ப்பாணத்தில் கட்டுப்பல்லின் கதையைப் பாக்குரலிலிருந்துதான் தொடங்கவேண்டும். பல் விழுந்த முதியவருக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பைச் சின்ன உரலிலிட்டு இடித்துக் கொடுப்பது வீட்டுச் சிறுவரின் வேலை. புழுக்கொடியலுக்கும் அதே உபாயம். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கைக் கடிக்க இளந்தாரிப் பல்லே சிரமப்படும். இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்தால் வெறும் முரசே போதும். மெல்லும் வேலையை வீடு பங்கிட்டுக்கொண்டது. கட்டுப்பல் வந்தபோது அந்த வேலை முதியவரின் வாய்க்கே திரும்பியது, கூடவே உரல் அறியாத சிக்கலும்: தகடு வாயில் நிற்கவேண்டும். அதை நிறுத்துவது வைத்தியரின் கைத்திறன் மட்டுமே என்ற நம்பிக்கைதான் பலருடைய பல்லைப் பெட்டிக்குள் கிடக்கவைத்தது என்பது என் கருத்து.

கைத்திறன் பெரிதுதான். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தந்தத்தில் செதுக்கிய இரு வரிசைகளைச் சுருள்வில் வைத்து விரித்து நிறுத்தினார்கள். 1756இல் பிலிப் பாஃப் மெழுகில் வாயின் அச்செடுக்கும் முறையை எழுதினார். 1851இல் நெல்சன் குட்இயர் இறுக்கிய இறப்பருக்குக் காப்புரிமை பெற்றபின், அண்ணத்தோடு படியும் தகடு மலிவாகக் கிடைத்தது. இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலமே அதைப் பிடித்துக்கொள்ளும், வில் வேண்டாம். இப்படித் தகட்டைப் படியவைப்பது ஏட்டோடு வரும் வித்தையல்ல; ஏடு இங்கே முந்தியே வந்துவிட்டது. 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், 1872இலேயே உடற்கூற்றை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் தந்துவிட்டார். இலங்கையில் பல் வைத்தியக் கல்வி தொடங்கியதோ 1938இல், அதுவும் கொழும்பில்.

நல்ல அச்செடுத்து, தேவையென்றால் ஒட்டுப்பசையும் பூசினால் போதாதா என்று கேட்கலாம். மேல்வரிசைக்குப் பெரும்பாலும் போதும். கீழ்வரிசைக்கு அண்ணம் இல்லை; ஒடுங்கிய முரசுமேடும் நடுவே ஓயாத நாக்கும்தான். பல் போனபின் அந்த மேடு கரைந்துகொண்டே போகும். 25 ஆண்டு அளவீடுகளை 1972இல் வெளியிட்ட டால்கிரென், முன்புறத்தில் கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சுமார் 4 மடங்கு தேய்ந்ததைக் காட்டினார். ஆண்டுக்கணக்கில் உரலை நம்பியிருந்துவிட்டுப் பல் கட்டியவருக்குத் தகடு ஆடியதில் வியப்பில்லை. அந்த ஆட்டத்தை அடக்குவது நாக்கும் கன்னமும் கற்கும் பழக்கம்: சிறு கவளமாக எடுத்து, இருபக்கமும் பகிர்ந்து மெல்வது. வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் அடக்குவது இதற்கு நேரெதிர். பாக்கு புற்றுநோய் தருவதென்று உறுதியான பிறகு அதற்காக இரங்கவும் வேண்டியதில்லை. 2002இல் மொன்றியலில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் இரண்டு உட்பதியங்களை ஊன்றித் தகட்டை மாட்டுவதையே முதல் தெரிவாகப் பரிந்துரைத்தார்கள். அந்தச் செலவு இயலாதவருக்கு முதல் கிழமைகளில் பிட்டும் கூழுமாகக் கொடுத்து, வாய் பழகப் பழகக் கடினமானதைச் சேர்க்கவேண்டும். தகடு தளர்ந்தால் வைத்தியரிடம் காட்டி உட்பக்கத்தைப் புதிதாகப் படியவைக்கவேண்டும். பசையாலேயே சமாளித்துக்கொண்டிருந்தால் முரசு புண்ணாகி, மேடு இன்னும் தேயும்.