துப்பாக்கிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணெய்?

ஆதிச்சநல்லூர் என்றதும் எல்லோருக்கும் முதுமக்கள் தாழிதான் ஞாபகம் வரும். 1876-ல் ஜெர்மனிக்காரர் யாகோரும், 1899-லிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் அங்கே தோண்டினார்கள். வாள், ஈட்டி, கோடரி என்று இரும்பு ஆயுதங்கள் நிறையக் கிடைத்தன. அதே மண்ணில் கிடைத்த தங்க நெற்றிப்பட்டம் தங்கமாகவே இருந்தது. இரும்பு மட்டும் துருவேறிப் போயிருந்தது.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். தூத்துக்குடியில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாள் என்றால் துடைத்து எண்ணெய் தடவி வைத்துவிடலாம். துப்பாக்கியில் சிக்கல் வேறு. அங்கே உப்பு உள்ளேயே உண்டாகிறது! பழைய .303 துப்பாக்கித் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து எரிந்ததும் குழாயில் பொட்டாசியம் குளோரைடு படியும். அதுவும் ஒருவகை உப்புதான், ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது கரையாது. அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் முதலில் கொதிக்கும் தண்ணீரைக் குழாயில் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகு எண்ணெய் போட்டார்கள்.

அந்தத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். கொஞ்சம் இறுகினாலும் கைபலம் சமாளித்துவிடும். 1936-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1, 1960களில் நம் ராணுவத்துக்கு வந்த இஷாப்பூர் எஸ்.எல்.ஆர். இரண்டும் அரைத் தானியங்கிகள். சுட்ட வாயுவே அடுத்த தோட்டாவை ஏற்றும். கரி படிந்து இறுகினால் பாதியில் நின்றுவிடும்.

இதற்குக் கொடுத்த விலையை வியட்நாமில் பார்க்கலாம். எம்16 துப்பாக்கி 1965 வாக்கில் அங்கே போனபோது, அதைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்ற பேச்சு பரவியிருந்தது. சுத்தம் செய்யும் சாமான்களும் போதுமான அளவு போகவில்லை. தோட்டாவில் மருந்தை மாற்றியிருந்ததால் கரி அதிகம். தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சும் இல்லை. அந்த ஊர் ஈரத்தில் அறை துருப்பிடித்தது, சுட்ட கூடு உள்ளேயே மாட்டிக்கொண்டது. சண்டை நடுவே கம்பியால் அதைக் குத்தி எடுக்கப் பார்த்தவர்கள் பலர், அப்படியே செத்தவர்களும் உண்டு. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. அதன்பின் குரோம் பூச்சு வந்தது, சாமான்கள் வந்தன. 1968-ல் சுத்தம் செய்வதைச் சொல்லித்தரும் படக்கதைப் புத்தகமே அச்சிட்டார்கள். ஓவியர் வில் ஐஸ்னர்.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை? காலண்டரில் பதில் இல்லை. சுட்டால் அன்றே துடைக்க வேண்டும். சுடாவிட்டாலும் கடலோரத்தில் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். நம் தேரிக்காடு மாதிரி மணல் பறக்கும் இடமென்றால் எண்ணெய் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், அதிகமானால் மணல் ஒட்டிக்கொள்ளும்.

பி.காம் வகுப்பில் பராமரிப்புச் செலவு என்று ஒரு வரி எழுதுவோம். லாபம் குறைந்தால் முதலில் வெட்டுவதும் அந்த வரியைத்தான். வியட்நாமில் அதை வெட்டியதற்குச் சிப்பாய்கள் உயிரால் கணக்குத் தீர்த்தார்கள்.