மை லாய் படுகொலையும் போர்வீரரின் அறப்பொறுப்பும்

வியட்நாமின் குவாங் ங்காய் மாகாணத்தைச் சேர்ந்த மை லாயில் 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கத் தரைப்படையினர் நிராயுதபாணிகளான ஊர்மக்களைக் கொன்று குவித்தனர். வியட்நாம் கணக்கில் இறந்தோர் 504 பேர்; அமெரிக்கக் கணக்கில் 347. ஆணைக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய் தன் செயலுக்கு எவ்வளவு பொறுப்பு என்ற விவாதத்தில் இந்நிகழ்வு தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது.

அன்று ஹெலிகாப்டர் ஓட்டி வந்த ஹியூ தாம்சன், பதுங்குகுழியில் ஒளிந்திருந்த மக்களுக்கும் அவர்களை நோக்கி வந்த சொந்தப் படையினருக்கும் நடுவே தரையிறங்கினார். மக்களைச் சுட்டால் படையினரைத் திருப்பிச் சுடுமாறு தன் குழுவினரிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். குழுவைச் சேர்ந்த கிளென் ஆண்ட்ரியோட்டா, பிணங்கள் கிடந்த வாய்க்காலுக்குள் இறங்கி உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். வேறு வழியே இல்லை என்ற வாதம் இந்த இருவர் முன் நிற்காது.

சம்பவ இடத்தில் இல்லாத ரான் ரைடன்அவர், சக வீரர்கள் சொன்னதைத் திரட்டி, படையிலிருந்து விலகியபின் 1969 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதினார். முழு விசாரணை அதன்பின்தான் தொடங்கியது. சீருடையைக் கழற்றினாலும் பொறுப்பு கழல்வதில்லை என்று நம்பிய முன்னாள் வீரர் அவர்.

தண்டிக்கப்பட்டவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி மட்டுமே. 22 கொலைகளுக்காக 1971இல் ஆயுள் தண்டனை பெற்றும், பெரும்பாலும் வீட்டுக்காவலில் இருந்து 1974இல் வெளிவந்தார். 2009இல் வருத்தம் தெரிவித்தபோதும் ஆணைப்படியே நடந்ததாகக் கூறினார். தாம்சன் குழுவினருக்கு 1998இல் பதக்கம் வழங்கப்பட்டது. மை லாய்க்குச் சில வாரங்களிலேயே களத்தில் இறந்த ஆண்ட்ரியோட்டாவும் அதைப் பெற்றவர்களில் ஒருவர்.