மனுவும் வாக்கும்: மைசூர் சபை முதல் பெங்களூரு மாநகராட்சி வரை

ஐம்பது ஆண்டுக்காலப் பிரிட்டிஷ் நேரடி நிர்வாகம் முடிவுற்று, 1881 மார்ச்சில் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று திவான் ரங்காசார்லு மைசூரில் பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். இந்தியச் சமஸ்தானங்களில் இத்தகைய சபை அதுவே முதலாவது. அதன் 144 உறுப்பினர்களும் பெரும்பாலும் நிலக்கிழார்களும் வணிகர்களுமே.

திவான் அரசின் ஆண்டறிக்கையை வாசிப்பார். உறுப்பினர்கள் தத்தம் பகுதியின் குறைகளை எடுத்துரைப்பர். சட்டம் இயற்றும் அதிகாரமோ, அரசின் செலவை மறுக்கும் அதிகாரமோ சபைக்கு இல்லை. 1890-களின் தொடக்கத்தில் தேர்தல் முறை வந்தபோதும், வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடைய சிலருக்கே கிட்டியது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதிய வரி விதிக்குமுன் சபையைக் கலந்தாலோசிப்பது கட்டாயமாயிற்று. எனினும் இறுதி முடிவு அரசரிடமே இருந்தது. குடிகள் பேசலாம், தீர்மானிக்க இயலாது.

இந்த இடைவெளியை வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமை அகற்றிவிடும் என்பது விடுதலைக்குப் பிந்தைய நம்பிக்கை. உள்ளாட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 1992-இன் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் விதித்தது. ஆயினும் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தபின், அம்மன்றத்துக்கு மறுதேர்தல் நடைபெறவே இல்லை. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, புதிய சட்டங்கள், நீதிமன்ற வழக்குகள் என ஆண்டுகள் கழிந்தன. 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டபோதும் பொறுப்பேற்றவர்கள் அதிகாரிகளே.

தேர்தல் நடந்தபோதும் அனைவரும் வாக்களித்துவிடவில்லை என்பது உண்மை. 2015 மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தோர் பாதிக்கும் குறைவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இடும் வாக்கால் மட்டும் ஒரு தெருவின் வடிகாலையோ ஏரியையோ காத்துவிட முடியாது. அதற்காகவே வார்டு குழுக்கள் தேவைப்பட்டன. ஆனால் மன்றம் இல்லாத காலத்தில் அக்குழுக்களுக்கும் அதிகாரிகளே தலைமை தாங்கினர். கூட்டத்துக்கு வந்த குடிமக்களால் முறையிட முடிந்தது. முறையீட்டைப் புறக்கணித்தவரைப் பதவியிலிருந்து அகற்றும் வழி அவர்களிடம் இல்லை.

வாக்களிப்பு மட்டுமே பங்கேற்பு ஆகாது. ஆனால் வாக்கின் பின்பலம் இல்லாத பங்கேற்பு மீண்டும் மனுவாகவே சுருங்குகிறது. 1881-இன் உறுப்பினருக்குத் தம் உரிமையின் எல்லை தெரிந்திருந்தது. அடுத்த கூட்டம் அடுத்த ஆண்டு தசராவில் கூடும் என்பதும் தெரிந்திருந்தது. 2020-க்குப் பிந்தைய பெங்களூரு வாக்காளருக்கு உரிமை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது; அதைப் பயன்படுத்தும் நாள் மட்டும் ஆண்டுக்கணக்கில் குறிக்கப்படவில்லை.