லென்ஸ் வழிப் பிளாஷ் அளவீடு

பிளாஷ் வெளிச்சம் எதிரே இருப்பவர் மேல் பட்டுத் திரும்பி, லென்ஸ் வழியாகக் கமராவுக்குள் வந்த பிறகு அதை அளந்து பிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் முறை இது. புழக்கத்தில் டி.டி.எல். என்பார்கள். ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் 1975இல் விற்பனைக்கு விட்ட ஓ.எம்-2 கமராவில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. படம் பிடிப்பவர் மனக்கணக்காகப் போட்டுவந்ததை அன்றிலிருந்து கமரா போடுகிறது. ஆனால் வெள்ளையையும் கறுப்பையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. இலங்கையின் மலைநாட்டில் பிளாஷ் பிடிப்பவர்களுக்கு அது பழகிய தொல்லை.

செயற்கை வெளிச்சத்தின் கதை இதைவிடப் பழையது. ஜெர்மனியில் மீத்தேயும் கேடிக்கேயும் 1887இல் மக்னீசியம் கலந்த பிளாஷ் தூளைக் கொண்டுவந்தார்கள். புகையும் தீ ஆபத்தும் நிறைந்த அந்தத் தூளை 1929இல் ஜெர்மனியிலேயே வந்த பிளாஷ் பல்பு ஓரங்கட்டியது. 1931இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரோல்ட் எட்ஜர்டன் மின்னணு பிளாஷை உருவாக்கினார். இவை எல்லாவற்றிலும் அளவு பார்த்தது மனிதர்தான். பிளாஷுக்கு ஒரு வழிகாட்டி எண் இருக்கும். அதைத் தூரத்தால் வகுத்தால் துவார எண் வரும். எண் 24 என்றால் 3 மீட்டரில் எஃப் 8, 6 மீட்டரில் எஃப் 4. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காற்பங்காகிவிடும் என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. மணமக்கள் மணவறையை விட்டு நாலு எட்டு நடந்தால் கணக்கை மறுபடி போடவேண்டும்.

1960களில் பிளாஷின் முகப்பிலேயே ஒரு ஒளி உணரியை வைத்தார்கள். திரும்பி வரும் வெளிச்சம் போதுமானதும் அது பிளாஷை நிறுத்திவிடும். தொடக்கத்தில் எஞ்சிய மின்சாரம் வேறொரு குழாய் வழியே வீணாகக் கொட்டப்பட்டது. 1970களில் தைரிஸ்டர் சுற்று வந்தபின் அது மின்தேக்கியிலேயே மிச்சமாகியது. பற்றரி நீடித்தது, அடுத்த படத்துக்குக் காத்திருக்கும் நேரமும் குறைந்தது. ஆனால் அந்த உணரி பார்த்தது பிளாஷின் கண்ணால்தான். லென்ஸில் வடிகட்டி மாட்டியிருக்கிறதா, மிக அருகிலிருந்து எடுக்கிறார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஓ.எம். கமராக்களின் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைத்தானியின் குழு அளவிடும் இடத்தையே மாற்றியது. ஓ.எம்-2இன் கண்ணாடிப் பெட்டியின் அடியில் இரண்டு சிலிக்கன் உணரிகள் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். ஷட்டர் திறந்து, பிளாஷ் அடித்து, வெளிச்சம் பிலிமில் விழும்போது, பிலிமின் மேற்பரப்பிலிருந்து சிதறும் ஒளியை அவை அந்தக் கணமே அளக்கும். போதிய அளவு சேர்ந்ததும் பிளாஷுக்கு நிறுத்து என்ற சைகை போகும். பிளாஷ் எரிவதே பெரும்பாலும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள். அளவு, முடிவு, அணைப்பு மூன்றும் அதற்குள் முடிந்தாகவேண்டும். இதற்கென்றே குவிக் ஓட்டோ 310 என்ற பிளாஷை ஒலிம்பஸ் சேர்த்துக் கொடுத்தது. படம் பதியும் அதே ஒளியை அளப்பதால் வடிகட்டி, துவாரம், தூரம் எல்லாம் தாமாகவே கணக்கில் வந்துவிடும். இவ்வளவு நேரடியான தீர்வு அதுவரை வந்த எந்த முறையிலும் இல்லை.

இலங்கையில் அது இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகே வெளிநாட்டுக் கமராக்கள் தாராளமாக வரத் தொடங்கின. 1980இல் நிக்கோன் எஃப்-3, பென்டக்ஸ் எல்.எக்ஸ்., அடுத்த ஆண்டு மினோல்ட்டா எக்ஸ்-700 என்று மற்ற நிறுவனங்களும் ஒலிம்பஸின் வழிக்கு வந்தன. எஃப்-3இல் பிலிமைத் திருப்பிச் சுற்றும் பிடியைச் சுற்றித்தான் பிளாஷ் மாட்டும் இடம். பிளாஷைக் கழற்றாமல் சுருளை மாற்ற முடியாது. தாலி கட்டும் நேரத்தில் பிலிம் முடிந்தவரின் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. கெனன் 1986இல் டி-90 வரும்வரை ஒதுங்கியே நின்றது.

இனி தொடக்கத்தில் சொன்ன ஓட்டை. உணரிக்குத் தெரிவது திரும்பிய வெளிச்சம் மட்டுமே. உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்பியே அது கணக்கை முடிக்கும். பண்டாரவளைக் கோயில் கலியாணத்தில் வெள்ளைப் பட்டுச் சேலை சட்டத்தை நிறைத்தால் போதுமென்று சீக்கிரம் அணைத்துவிடும், முகம் மங்கும். மாசியில் தோட்டங்களில் விடியவிடிய நடக்கும் காமன் கூத்தில் இதற்கு நேரெதிர். திறந்த வெளி, பின்னால் வெளிச்சத்தைத் திருப்பித்தர ஒரு சுவர்கூடக் கிடையாது. சட்டத்தின் பெரும்பகுதி இருட்டாக இருக்க, பிளாஷ் முழுமூச்சாக அடிக்கும். ரதியின் அரிதாரம் பூசிய முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போகும். அதே ஆட்களைச் சுவர் வெள்ளையடித்த லயத்துக் காம்பராவில் நிறுத்தி எடுத்தால் அப்படி வெளுக்காது. பண்டாரவளை இருக்கும் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள நீர்த்துளிகளே வெளிச்சத்தைத் திருப்பியடிக்க, உணரி ஏமாந்து பிளாஷை அணைத்துவிடும். படத்தில் ஒரு வெண்திரை, அதற்குப் பின்னால் நிழலாக மனிதர். பிளாஷைக் கம்பி நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஓரளவு தப்பலாம். கலர் நெகட்டிவ் காலத்தில் இத்தவறுகளில் பாதியை லேபில் பிரின்ட் போடுபவர் சரிக்கட்டிவிடுவார் என்பதும் டி.டி.எல்.லுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. ஸ்லைடு பிலிமில் அந்தச் சலுகை இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க நிக்கோன் 1988இல் எஸ்.பி-24 பிளாஷில் பின்னணி வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது. 1992இல் எஃப்-90 கமரா லென்ஸ் சொல்லும் தூரத்தையும் கேட்டுக்கொண்டது. 1995இல் கெனன், ஷட்டர் திறப்பதற்கு முன்னரே ஒரு சிறு முன்பிளாஷ் அடித்துக் காட்சியைக் கட்டம் கட்டமாகப் பார்க்கும் ஈ-டி.டி.எல். முறைக்கு மாறியது.

டிஜிட்டல் வந்ததும் பிலிமைப் பார்க்கும் உணரிக்கு வேலை போயிற்று. ஒளியைப் பரவலாகச் சிதறடிக்கும் பிலிமின் மங்கலான பரப்பு எங்கே, கண்ணாடி வடிகட்டி போர்த்துப் பளபளக்கும் சென்சர் எங்கே! நிக்கோன் 1999இல் டி-1 கமராவோடு டி-டி.டி.எல்., 2003இல் ஐ-டி.டி.எல். என்று முன்பிளாஷ் பக்கம் போனது. கெனன் 2004இல் ஈ-டி.டி.எல். இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. முன்பிளாஷுக்கும் ஒரு விலை இருக்கிறது. இடைவெளி நொடிக்கும் குறைவுதான் என்றாலும் சிலர் அதற்குள் இமைத்துவிடுவார்கள். குடும்பப் படத்தில் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார். ஸ்டூடியோவில் கமரா பிளாஷைக் கண்டு தாமும் எரியும் பழைய துணை விளக்குகள் முன்பிளாஷுக்கே எரிந்து தீர்ந்துவிடும். ஷட்டர் திறக்கும்போது இருட்டு. அங்கே பிளாஷைக் கையால் அளவுவைப்பதே வழக்கம். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் இடத்தில் முக்காலி நகராது, பின்திரை மாறாது, தூரமும் மாறாது. ஒருமுறை வைத்த அளவு அடுத்தடுத்து வருகிற எல்லோருக்கும் பொருந்தும்.