ஜாகுவார் சி-எக்ஸ்75

ஜாகுவார் சி-எக்ஸ்75 என்பது பிரித்தானியத் தானுந்து நிறுவனமான ஜாகுவார் உருவாக்கிய, இரண்டு இருக்கைகள் கொண்ட கலப்பின ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். இது 2010 ஆம் ஆண்டு பாரிசு தானுந்துக் கண்காட்சியில் கருத்துருத் தானுந்தாக முதன்முதலில் காட்சிப்படுத்தப்பட்டது. பின்னர் வேறொரு பொறியமைப்புடன் இதனை விற்பனைக்குத் தயாரிக்கத் திட்டமிடப்பட்டது. எனினும் 2012 டிசம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ ஒரே புறவடிவத்துக்குள் மூன்று வெவ்வேறு பொறியமைப்புகள் அடுத்தடுத்து இடம்பெற்றமை இத்தானுந்தின் தனித்தன்மையாகும்.

பெயரும் பின்னணியும்

புதிய வடிவமைப்பையோ தொழில்நுட்பத்தையோ மக்களுக்குக் காட்டி, அவர்களது வரவேற்பை அறிவதற்காகச் செய்யப்படும் தானுந்து கருத்துருத் தானுந்து எனப்படுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை விற்பனைக்கு வருவதில்லை.

ஜாகுவார் என்னும் பெயர் 1935 ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு தானுந்துக்குச் சூட்டப்பட்டது. அதன் 75 ஆம் ஆண்டு நிறைவைக் குறிப்பதே இப்பெயரிலுள்ள எண். ஜாகுவாரின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த இயன் கேலமின் தலைமையில் இது வடிவமைக்கப்பட்டது. 1966 இல் செய்யப்பட்ட எக்ஸ்ஜே13 என்னும் பந்தயத் தானுந்தின் சாயலை இதில் காணலாம். ஜாகுவார் நிறுவனத்தை 2008 இல் இந்தியாவின் டாட்டா மோட்டார்சு வாங்கியது.

சுழலிக் கலப்பினம் (2010)

கருத்துருத் தானுந்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக நான்கு மின்னோடிகள், அதாவது மின்சார மோட்டார்கள், இருந்தன. ஒவ்வொன்றின் திறனும் 145 கிலோவாட். மொத்தத் திறன் 580 கிலோவாட் (ஏறத்தாழ 780 குதிரைத்திறன்). மின்கலத் தொகுதியை மட்டும் கொண்டு சுமார் 110 கிமீ தொலைவு ஓடலாம் என நிறுவனம் அறிவித்தது.

மின்கலம் தீரும்போது மின்சாரம் தருவதற்காக, பிளேடன் ஜெட்ஸ் நிறுவனத்தின் இரண்டு சிறிய வளிமச் சுழலிகள் (டர்பைன்கள்) இருக்கைகளுக்குப் பின்னால் வைக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 80,000 முறை சுழன்று 70 கிலோவாட் திறன் தரக்கூடியவை. இவற்றின் துணையுடன் மொத்தம் 900 கிமீ வரை செல்லலாம் எனக் கணக்கிடப்பட்டது.

சுழலியால் ஓடும் தானுந்து புதிய எண்ணமன்று. ரோவர் நிறுவனம் 1950 இல் ஜெட்1 என்னும் வண்டியைச் செய்தது. கிரைசுலர் நிறுவனம் 1960களில் 50 சுழலித் தானுந்துகளைப் பொதுமக்களிடம் கொடுத்துச் சோதித்தது. ஆனால் வேகம் அடிக்கடி மாறும் சாலைப் பயணத்தில் சுழலி எரிபொருளை மிகுதியாகச் செலவிடும். ஓட்டுநர் விசையை அழுத்தியதும் உடனே வேகம் கொள்ளாது. சி-எக்ஸ்75 இல் சுழலிக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மின்னியற்றியைச் சுழற்றுவது மட்டுமே அதன் பணி. ஆகவே அது தனக்கு ஏற்ற ஒரே வேகத்தில் இயங்க முடியும். பழைய குறையைக் கலப்பின அமைப்பால் தவிர்ப்பதே இவ்வடிவமைப்பின் மையக் கருத்து.

உற்பத்தித் திட்டம் (2011-2012)

2011 மே மாதத்தில் 250 வண்டிகளைத் தயாரிக்கப்போவதாக ஜாகுவார் அறிவித்தது. பார்முலா 1 பந்தயங்களில் புகழ்பெற்ற வில்லியம்சு நிறுவனம் இதில் பங்காளியாகச் சேர்ந்தது. அப்போதே சுழலிகள் விலக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக 1.6 லிட்டர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட பெட்ரோல் பொறி தேர்ந்தெடுக்கப்பட்டது. குறைந்த வேகத்தில் சூப்பர்சார்ஜரும் மிகுந்த வேகத்தில் டர்போசார்ஜரும் காற்றை அழுத்திச் செலுத்தியதால், இச்சிறிய பொறி ஏறத்தாழ 500 குதிரைத்திறன் தந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு மின்னோடிகளும் சேர்ந்தபோது மொத்தத் திறன் 850 குதிரைத்திறனைத் தாண்டியது. உடற்சட்டம் கரிம இழையால் ஆனது.

கைவிடப்படல்

உலகப் பொருளாதாரச் சூழல் சாதகமாக இல்லை எனக் கூறி, 2012 டிசம்பரில் ஜாகுவார் திட்டத்தை நிறுத்தியது. முன்மாதிரி வண்டிகள் ஆய்வுக்கெனப் பயன்படுத்தப்பட்டன. 2013 இல் செய்தியாளர்கள் சிலர் அவற்றை ஓட்டிப் பார்த்தனர். எனவே இத்தொழில்நுட்பம் இயங்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. நின்றுபோனது அதன் விற்பனை மட்டுமே. இதே 2010 இல் செனீவாவில் கருத்துருவாகக் காட்டப்பட்ட போர்சே 918 ஸ்பைடர் என்னும் கலப்பினத் தானுந்து 2013 இல் உற்பத்திக்கு வந்து, 918 வண்டிகள் தயாரிக்கப்பட்டன.

திரைப்படத்திலும் பின்னரும்

2015 இல் வெளியான ஸ்பெக்டர் என்னும் ஜேம்சு பாண்ட் திரைப்படத்தில், உரோம் நகரத் தெருக்களில் நிகழும் துரத்தல் காட்சியில் எதிராளியின் வண்டியாக சி-எக்ஸ்75 தோன்றுகிறது. சாகசக் காட்சிகளுக்கெனச் செய்யப்பட்ட வண்டிகளில் சுழலியும் இல்லை, மின்னோடியும் இல்லை. சூப்பர்சார்ஜருடன் கூடிய 5 லிட்டர் வி8 பெட்ரோல் பொறியே அவற்றில் இருந்தது.

ஜாகுவாரிலிருந்து விலகிய இயன் கேலம் தொடங்கிய கேலம் நிறுவனம், அவ்வண்டிகளுள் ஒன்றைச் சாலையில் ஓட்டத் தகுதியுடையதாக மாற்றி 2024 இல் வெளிப்படுத்தியது. இவ்வாறு, புதுமையான கலப்பினப் பொறியமைப்பைக் காட்டுவதற்காகப் பிறந்த இத்தானுந்தின் வடிவம் மட்டும், அப்பொறியமைப்பு இன்றியே சாலைக்கு வந்தது.