சாதகக் கட்டமும் ஓவியச் சட்டமும்

காந்திபுரத்து வீதிகளில் சாதகம் கணிப்போர் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டு கட்டங்கள், அவற்றுள் சில எழுத்துகள். அவ்வளவுதான்! அந்தக் கட்டங்களுக்கு அஞ்சித் திருமணத்தைத் தள்ளிப் போடுவோர் உண்டு. 'தோஷம்' என்ற ஒரு சொல்லால் வாழ்வு கருகிய பெண்களும் உண்டு. அதே கட்டத்தைத் திரைச்சீலையில் தீட்டி, அதன் ஆட்சியைப் பறித்த ஓவியர் ஒருவர் இந்தக் கோவையிலே பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கே. சி. எஸ். பணிக்கர் 1911-இல் பிறந்தவர். தந்தித் துறையில் பணியாற்றிப் பின்னர் சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1957-இல் அப்பள்ளிக்கே முதல்வரானவர். தென்னஞ்சோலையையும் காயலையும் நீர்வண்ணத்தில் தீட்டுவதில் இளமையிலேயே பெயர் பெற்றார். வந்த புகழை வைத்துக்கொண்டு அதையே வரைந்து காலந்தள்ளியிருக்கலாம். செய்தாரில்லை! ஐம்பதைக் கடந்தபின், 1963-இல், 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். மாணவர் ஒருவரின் கணக்குக் குறிப்பேடே அதற்குத் தூண்டுகோல் என்பர். வேதமன்று, விரதமன்று, கணக்குக் குறிப்பேடு!

1977-இல் அவர் மறைந்தார். இரண்டாண்டு கழித்து, 1979-இல், திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. முதிர்ந்த பருவத்து ஓவியங்கள் அங்கே அணிவகுத்தன. சாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தைப் போன்ற வரிகள், எண்கள், கோடுகள், மீன், பறவை எல்லாம் உண்டு. ஆனால் வரிகளைப் படிக்க முயன்றால் படிக்க முடியாது. படிப்பதற்காக அவர் எழுதவில்லை.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். சாதகத்தின் உயிர் எதில் இருக்கிறது? படித்துச் சொல்ல ஒருவன் இருக்கிறான் என்பதில் இருக்கிறது. நமக்குப் புரியாதது அவனுக்குப் புரியும் என்ற நம்பிக்கையே அவனுக்குத் தட்சணை வாங்கித் தருகிறது. எவராலும் படிக்க முடியாத சாதகத்திற்குச் சோதிடன் எதற்கு? சனியும் செவ்வாயும் இறங்கிப்போக, வெறுங்கோடும் வண்ணமும் எஞ்சி நிற்கின்றன.

அந்த வளாகத்தின் சித்திரா ஓவியக்கூடத்திற்குப் புகழ் சேர்த்தவர் இரவிவர்மா. அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து இலட்சுமியும் சரசுவதியும் ஆயிரமாயிரமாகப் புறப்பட்டுக் குடிசைச் சுவர்களிலும் குடியேறினர். அவர் தூரிகையின் திறத்தை நாம் மறுக்கவில்லை; அது யாருக்குத் துணை நின்றது என்றே கேட்கிறோம். தேவியருக்கு முகமும் பட்டுச்சேலையும் தந்தது ஒரு கை; சாதகத்தின் வாயை அடைத்தது இன்னொரு கை.

பணிக்கருக்கு நாத்திகப் பட்டம் சூட்ட நாம் முனையவில்லை. அவர் தேடியது, மேனாட்டைப் பின்பற்றாமல் இந்த மண்ணிலிருந்தே எழும் ஒரு புதுக்கலையை. அதனாலேயே அவ்வோவியங்களுக்குத் 'தாந்திரிகம்' என்று பெயரிட்டு, மறைபொருள் உரைப்போரும் கிளம்பினர். சோதிடனை வாயிலில் நிறுத்திவிட்டு, கலைத் திறனாய்வாளன் என்ற புதுப் புரோகிதனை உள்ளே அழைப்பதா? புரியவில்லை என்று துணிந்து சொல்லிவிட்டு, நிறத்தையும் கோட்டையும் நம் கண்ணாலேயே பார்க்கலாமே!

மன்னர் மானியத்தையும் மடத்தின் தயவையும் எதிர்பாராமல் ஓவியர்கள் வாழ முடியும் என்பதையும் அவர் செய்து காட்டினார். 1966-இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில், தம் மாணவரோடு சேர்ந்து சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார். துணியில் பத்திக் வேலை செய்து விற்ற காசு அந்த ஊர் எழ உதவியது. கைத்தொழிலை இழிவென்று ஒதுக்கிய நாட்டில், ஓவியர்கள் கைத்தொழிலால் தமக்கோர் ஊரே கண்டனர்.

ஆண்டுதோறும் கோவைப் பள்ளிகளிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் கன்னியாகுமரிக்குப் போகின்றன. வழியில் பத்மநாபசாமி கோவில் வாயிலிலும் நிற்கின்றன. அங்கிருந்து அருங்காட்சியகம் தொலைவிலில்லை. ஆசிரியத் தோழர்களே, அங்கும் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.