கேலக்ஸிக்கும் வயதாகும்

பிரபஞ்சம் விரிகிறது என்று ஹப்பிள் காட்டிய இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த விரிவு என்றைக்காவது நிற்குமா? நின்று, திரும்பச் சுருங்குமா? 1960களில் வானியலின் தலையாய கேள்வி இதுதான். விடை தேடி பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் இரவிரவாக உழைத்தவர் ஆலன் சாண்டேஜ். ஹப்பிளிடம் உதவியாளராக இருந்து, அவருக்குப் பின் அந்த வேலையை எடுத்து நடத்தியவர்.

கேலக்ஸிக் கூட்டங்களிலேயே ஆகப் பிரகாசமான ராட்சத நீள்வட்ட கேலக்ஸிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு ஒளிர்கின்றன என்று அவர் வைத்துக்கொண்டார். தெரு நெடுக ஒரே வாட்ஸ் பல்பு எரிந்தால், மங்கலாகத் தெரிவது தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்படிக் கிடைத்த தூரத்தை, கேலக்ஸி விலகி ஓடும் வேகத்தோடு ஒப்பிட்டால் விரிவு எந்த அளவு தளர்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் தொலைவில் இருப்பதைப் பார்ப்பது என்றால் பழையதைப் பார்ப்பது. ஒளி வந்து சேரவே பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்றைக்கும் அந்த கேலக்ஸி இதே அளவுதான் ஒளிர்ந்ததா? சாண்டேஜுக்கும் இந்தச் சந்தேகம் தெரியும். மாறியிருந்தாலும் பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது என்று நினைத்தார்.

இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் பியாட்ரிஸ் டின்ஸ்லி. 1941ல் இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். இயற்பியலாளரான கணவரோடு 1963ல் அமெரிக்காவின் டல்லஸ் நகருக்கு வந்தார். அங்கே அவருக்கென்று சரியான இடம் அமையவில்லை. சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்டினுக்குப் போய்வந்து முனைவர் பட்டத்துக்குப் படித்தார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு பெரிய வாயுத்திரளை எடுத்துக்கொள்கிறார். அதில் எந்த எடையில் எத்தனை விண்மீன்கள் பிறக்கும் என்று ஒரு விகிதம் வைக்கிறார். கனமான நீல விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து தீர்ந்துவிடும். நம் சூரியனைப் போன்றது 1,000 கோடி ஆண்டு தாங்கும். சாகிற விண்மீன் தன்னுள் சமைத்த கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாவற்றையும் வாயுவில் கலந்துவிடுகிறது. அடுத்த தலைமுறை அதிலிருந்து பிறக்கிறது. காலத்தைப் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் உயிரோடிருக்கும் விண்மீன்களின் ஒளியையும் நிறத்தையும் கூட்டிப் பார்த்தார். 1968ல் இது ஆய்விதழில் வந்தது. தனித்தனி விண்மீனின் வாழ்க்கையைத்தான் அதுவரை விரிவாகக் கணக்கிட்டிருந்தார்கள். ஒரு கேலக்ஸியின் வாழ்க்கையையே அவர் எழுதிக் காட்டினார் என்றுதான் நான் சொல்வேன்.

கணக்கின்படி, நீள்வட்ட கேலக்ஸிகள் இளமையில் இன்றைவிடப் பிரகாசமாக இருந்தன. அதைச் சேர்க்காவிட்டால் அவற்றின் தூரத்தைக் குறைத்து மதிப்பிடுவோம். பிரபஞ்சத்தின் எதிர்காலம் பற்றிய தீர்ப்பே மாறிவிடும். சாண்டேஜ் எளிதில் ஏற்கவில்லை. 1970களில் மற்றவர்களின் கணக்குகளும் டின்ஸ்லியின் பக்கமே சாய்ந்தன.

இதற்கிடையில், 1972ல், டூம்ரே சகோதரர்கள் இரண்டு கேலக்ஸிகள் உரசிப் போனால் ஈர்ப்பு விசையே நீண்ட வால்களை இழுத்துவிடும் என்று கணினியில் காட்டியிருந்தார்கள். 1978ல் டின்ஸ்லியும் ரிச்சர்ட் லார்சனும் கோணல்மாணலான கேலக்ஸிகளின் நிறங்களை ஆராய்ந்தார்கள். சாதாரண கேலக்ஸிகளின் நிறங்கள் ஒரு ஒழுங்கில் அமைந்திருக்க, இவற்றின் நிறங்களோ சிதறிக் கிடந்தன. மோதலில் வாயு நெருக்கப்பட்டு, குறுகிய காலத்தில் விண்மீன்கள் கும்பலாகப் பிறந்ததே காரணம் என்றார்கள். கேலக்ஸி தனக்குள் மட்டும் வளர்வதில்லை, பக்கத்தில் இருப்பதாலும் மாறுகிறது என்பதற்கு வலுவான சான்று அது.

இந்த வேலைக்கு அவர் கொடுத்த விலை பெரியது. 1974ல் மணமுறிவு. தத்தெடுத்து வளர்த்த இரண்டு பிள்ளைகளையும் தந்தையிடம் விட்டுவிட்டு 1975ல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1978ல் அங்கே பேராசிரியர் ஆனார். யேலில் வானியல் பேராசிரியரான முதல் பெண் அவர்தான். அதே ஆண்டு தோல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. வலது கை செயலிழந்த பிறகு இடது கையால் எழுதப் பழகிக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். 1981 மார்ச் 23 அன்று இறந்தபோது வயது 40.

பிரபஞ்சத்தில் விண்மீன் பிறப்பு சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உச்சத்தில் இருந்து, பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது இன்று அளந்து அறிந்த செய்தி. அதற்கு வழி திறந்தது, 1995 டிசம்பரில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி சப்தரிஷி மண்டலத்தின் ஒரு வெற்றுத் துண்டைப் பத்து நாள் பார்த்து எடுத்த படம். அதில் சுமார் 3,000 கேலக்ஸிகள் இருந்தன. அந்தப் பத்து நாட்களின் கதை அடுத்த வாரம்.